உள்ளே கிடந்த பித்தளை ஸ்க்ரூ

எரோல் மேடர்னின் என்ஜினுக்குள் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. எங்கிருந்தோ கழன்று விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாமென்றால், அந்த என்ஜினில் அந்த மாதிரி ஸ்க்ரூ போட்ட இடமே கிடையாது.

ஐடிலில் விட்டால் என்ஜின் தடுமாறுகிறதே என்று புதன்கிழமை காலையில் பெனாரா விமானத் திடலில் கொட்டகையைத் திறந்துவைத்து, விமானத்துக்கு அடியில் முதுகைப் போட்டுப் படுத்துக் கார்புரேட்டரை இறக்கினான். அதற்கு மேலே ஒரு பெட்டி. காற்றும் பெட்ரோலும் கலந்து அந்தப் பெட்டிக்குள் வந்துதான் நாலு குழாயாகப் பிரிந்து நாலு சிலிண்டருக்கும் போகும். அதன் மூலையில், பழைய பெட்ரோல் காய்ந்த பழுப்புப் பிசினில் ஒட்டிக்கொண்டு, பார்லி மணி அளவில் ஒரு பித்தளைத் துண்டு. சுரண்டி எடுத்துத் துடைத்துப் பார்த்தால் மரை தெரிந்தது. தலையில்லாத ஸ்க்ரூ, ஒரு முனையில் திருப்புளி வைக்கக் கீறல்.

கடையில் வாங்கிய விமானமாக இருந்தால் செய்த கம்பெனியை நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இது வீட்டில் கட்டியது. எரோலின் வீட்டுக் கொட்டகையில் ஒன்பது வருஷம், இரண்டே பேர். மரவேலையும் வயரிங்கும் லிண்ட்சி ட்ரிலோர், பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியார். என்ஜினும் அதைச் சேர்ந்த அத்தனை இரும்பும் எரோல். உள்ளே ஒரு தூசி கிடந்தாலும் அது இந்த இரண்டு பேரில் ஒருவன் கையிலிருந்து விழுந்ததுதான்.

லிண்ட்சியுடையதாக இருக்கும் என்றுதான் எரோலுக்கு முதலில் தோன்றியது. எரோலைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். நாற்பது வருஷம் தென் ஆஸ்திரேலியாவில் யார்க் தீபகற்பம் முழுக்கச் சுற்றி அறுவடை இயந்திரம் பழுதுபார்த்தவன். அவன் சரிசெய்து கொடுத்த இயந்திரம் மறுவாரமே நின்றுபோனால், ஓட்டத் தெரியாமல் ஓட்டினாய் என்று விவசாயிக்குத்தான் ஏச்சு விழும். வேலை சுத்தம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்கிற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவன் மனைவி கோரலே கேட்டதில்லை.

இந்த ஸ்க்ரூ யாருடையது என்பது அவனுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகப் போயிற்று என்றால், அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு மே மாதக் காலையைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு லிண்ட்சி தன் மனைவி லோரிஸை முதல்முறையாக மேலே கூட்டிப்போனான். ஒன்பது வருஷம் மரத்தூள் படிந்த சட்டை துவைத்தவள். அவளுக்கு அது சேரவேண்டியதுதான். கடற்கரையோரம் இருபது நிமிஷம் சுற்றிவிட்டு இறங்கும்போது என்ஜின் இருமியது, திணறியது, நின்றது. விதைப்பு முடிந்து மழை பெய்து ஊறிக்கிடந்த ஒரு வயலில் லிண்ட்சி இறக்கினான். சக்கரங்கள் சேற்றில் புதைந்து சக்கரக்கால்கள் ஒடிந்தன, விமானம் வயிற்றால் தேய்ந்துகொண்டு போய் நின்றது. லிண்ட்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. லோரிஸுக்கு இடுப்பெலும்பு போயிற்று. இரண்டு ஆபரேஷன், அதற்குப் பிறகு ஊன்றுகோல்.

ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும். அதற்கென்றே பைலட் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் கேபிள் வழியாக, கார்புரேட்டருக்கு அடியிலுள்ள காற்றுப்பெட்டியின் தகடு திறந்து, புகைக்குழாயைச் சுற்றிவரும் சூடான காற்று உள்ளே போகும். இறங்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே இழுக்க வேண்டும். அடைத்த பிறகு இழுத்துப் பிரயோஜனமில்லை. வயலில் எல்லோரும் போய்ப் பார்த்தபோது குமிழ் வெளியே இழுத்தபடிதான் இருந்தது. எப்போது இழுத்தான் என்பதுதான் கேள்வி. பனிக்கட்டி உருகித் தண்ணீராகிப் போய்விட்டது, அதனிடம் கேட்க முடியாது.

இறங்குவதற்கு முன்னாலேயே இழுத்தேன் என்று லிண்ட்சி சொன்னான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், லோரிஸ் உள்ளே மயக்கத்தில் கிடக்க, எரோல் அவன் எதிரில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி இது:

“இழுத்தியா, இல்ல இழுத்தேன்னு நினைக்கிறியா?”

லிண்ட்சி கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தான். “இழுத்தேன்னுதான் நினைக்கிறேன்” என்றான்.

“நினைக்கிறானாம்” என்று எரோல் திரும்பிக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. சத்தம் போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. ஆனால் நேர்மையான மனுஷனிடம் நீ நினைக்கிறாயா நிச்சயமா என்று கேட்டுப் பாருங்கள், அவன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிப்பான். ஒரு மாதத்துக்குள் லிண்ட்சியே விமான கிளப்பில் எழுந்து நின்று, நான்தான் லேட்டாக இழுத்துவிட்டேன் என்று சொன்னான். விமானத்தில் தன் பாதியை எரோல் பேருக்கு எழுதிக் கொடுத்தான். அதன்பின் ஒரு விமானத்திலும் ஏறவில்லை. எரோல் சக்கரக்கால் மாற்றி, நசுங்கிப்போன காற்றுப்பெட்டிக்குப் பதில் புதிது செய்து போட்டு, அதே விமானத்தில் முந்நூறு மணி நேரம் பறந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்தான். சண்டை என்று ஒன்றும் இல்லை, போக்குவரத்துதான் நின்றுபோயிற்று. பொது இடத்தில் எங்காவது பார்த்தால் தலையாட்டுவார்கள்.

இப்போது இந்த ஸ்க்ரூ.

என்ஜின் புத்தகத்தில் பார்த்தான், இல்லை. கார்புரேட்டர் புத்தகத்தில் பார்த்தான், அதிலும் இல்லை. பழைய கார்புரேட்டரை ஒருவனிடம் வாங்கியதுதானே, அவன் போட்டுவைத்த குப்பையாக இருக்கும் என்று ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தான். பிறகுதான் அதை வாங்கியதும் முழுக்கப் பிரித்துக் கழுவியது ஞாபகம் வந்தது. அந்த வேலையில் அவன் ஒன்றையும் விட்டுவைக்கிறவன் இல்லை.

மத்தியானம் ஹெதர் ஸ்கியூஸிடம் எடுத்துப்போனான். பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அவளுடையது. கிளப்பில் யார் என்ஜின் கட்டினாலும் அவள் ஒரு தடவை பார்த்தால்தான் மற்றவர்களுக்குத் திருப்தி. அவள் வெர்னியரில் அளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். இது விமானச் சாமானே இல்லை, வீட்டு வயரிங் கனெக்டர் என்றாள். வெள்ளை பிளாஸ்டிக் பட்டையாக விற்பார்களே, கத்தியால் வேண்டியமட்டும் நறுக்கிக்கொள்ளலாமே, அதற்குள் பித்தளைக் குழல், ஒவ்வொரு குழலுக்கும் இரண்டு ஸ்க்ரூ. இதற்கு ஒரு ஜோடி இருந்திருக்கும் என்றாள்.

எரோலின் முகம் மலர்ந்தது. வயரிங் முழுக்க லிண்ட்சி செய்தது என்று உடனே சொன்னான்.

ஹெதர் பஸ் டயரில் சாய்ந்துகொண்டாள். “வயரெல்லாம் பைலட் பக்கம் இருக்கு, எரோல். நடுவுல தீத்தடுப்புச் சுவர் இருக்கு. இது கார்புரேட்டர் வழியா உறிஞ்சிக்கிட்டு மேல போயிருக்கணும்னா, அடியில காத்துப்பெட்டியில இருந்துதான் வந்திருக்கணும். அந்தப் பெட்டியைச் செஞ்சது யாரு?”

அவன் ஸ்க்ரூவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நல்லவேளை, வால்வுக்குள் மாட்டியிருந்தால் என்ஜினே போயிருக்கும் என்று அவள் பின்னாலிருந்து சொன்னது அவன் காதில் விழவில்லை.

வீட்டில் ஆல்பம் இருந்தது. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து ஒட்டிவைக்க வேண்டும். பார்வையிட வருகிற ஆள், நீதான் கட்டினாயா என்று கேட்டால் அதுதான் சாட்சி. ஆல்பம் லிண்ட்சியின் பொறுப்பு. வாத்தியார் கையெழுத்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தேதி. ஆறு தடித்த புத்தகங்கள். பாகம் பிரித்தபோது அதையும் அவன் கேட்கவில்லை, எரோலிடமே விட்டுவிட்டான்.

இன்னொரு வழக்கமும் அந்தக் கிளப்பில் உண்டு, சிவப்புக் கம்பளி நூல். இப்போதைக்கு என்று எதை மாட்டினாலும், சரியான சாமான் வரும்வரை ஒரு கம்பியோ கிளாம்போ எதுவானாலும், அதில் ஒரு முழம் சிவப்பு நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். கடைசியில் மூடியைப் போடுவதற்கு முன் இரண்டாவது ஆள் வந்து சிவப்பு எங்காவது தெரிகிறதா என்று பார்ப்பான். தெரியாவிட்டால் கையெழுத்து. எளிமையான ஏற்பாடு, பல உயிரைக் காப்பாற்றிய ஏற்பாடு. அதில் ஒரே ஓட்டை, நூலைக் கட்டவேண்டியவன் கட்டாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மற்றவன் வேலையில் நூல் இல்லையென்றால் எரோல் ஊரைக் கூட்டுவான். தன் வேலைக்குக் கட்டுவதென்றால், எனக்குத் தெரியாதா என்று விட்டுவிடுவான். இந்தக் கோளாறு அவனுக்கு மட்டும் உள்ளதல்ல, கை நல்ல கையாக இருக்கிற எல்லோருக்கும் வருவது.

ஐந்தாவது புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது. காற்றுப்பெட்டி, அடியிலிருந்து எடுத்தது. தகட்டின் நெம்புகோலில் கேபிள் வந்து சேருகிற இடத்தில், சரியான கிளாம்புக்குப் பதிலாக, பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு மாட்டிய ஒரு பித்தளைக் குழல். இரண்டு ஸ்க்ரூ. சிவப்பு நூல் இல்லை.

பார்த்ததும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கேபிள் நீளம் சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது, கிளாம்ப் தபாலில் வரவேண்டியிருந்தது, கையருகே ஜாடியில் கனெக்டர் கிடந்தது. கிளாம்ப் வந்தபோது அறுவடைக் காலம். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தவன் மறந்தே போனான். அதிர்வில் ஒரு ஸ்க்ரூ கழன்று உள்ளே போயிருக்கிறது. மிஞ்சிய ஒன்றால் கேபிளைப் பிடிக்க முடியவில்லை. லிண்ட்சி குமிழை இழுத்திருக்கிறான், கேபிள் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது, தகடு அசையவேயில்லை. புதுப் பெட்டியில் சரியான கிளாம்ப்தான் போட்டிருக்கிறது, ஆகையால் இந்த ஸ்க்ரூ அந்த மே மாதத்துக்கு முன்னால் விழுந்ததாகத்தான் இருக்க முடியும். எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு வழி இல்லை.

படத்துக்குக் கீழே லிண்ட்சியின் எழுத்து: “இது தற்காலிகமா? எரோலைக் கேட்கணும்.” பக்கத்தில் வேறு பேனாவில்: “கேட்டேன். சரியாத்தான் இருக்கு, கையெழுத்துப் போடு என்றான்.”

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறந்துபோவது மனுஷ குணம், யாரும் மன்னிப்பார்கள். எரோல் அந்த மேஜையில் ஆல்பத்தை மூடாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் வேறு. விபத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து லிண்ட்சி போன் செய்தான். எரோல், அந்தத் தகடு திறக்குதான்னு ஒரு தடவை பாத்துடேன் என்று கெஞ்சினான். எரோல் அப்போது வயலில் டிரெய்லரோடு நின்றுகொண்டிருந்தான். நசுங்கின பெட்டி அவன் காலடியில்தான் கிடந்தது. குனிந்தால் போதும். பாத்துட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று சொல்லி போனை வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிப் பழைய இரும்போடு எறிந்தான். பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியுமோ என்ற பயம் அவனுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. பாவி, குனியவில்லை.

வியாழக்கிழமை அவன் அந்த ஸ்க்ரூவைப் பழைய சாமான் ஜாடியில் போட்டு மூடி, மேல் தட்டில் வைத்தான். ஆயிரம் ஸ்க்ரூவோடு ஆயிரத்தோராவது, யாருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமை ஜாடியை இறக்கிச் செய்தித்தாளில் கொட்டிப் பரப்பி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே தேடினான். அப்போதுதான் கோரல் உள்ளே வந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டவளிடம், வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னான். போன் விஷயத்தையும் சொன்னான்.

கோரல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளும் தேடினாள். அவள்தான் கண்டெடுத்தாள். அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

“லிண்ட்சிக்கு உடம்பு சரியில்லைன்னு போன வருஷமே சொன்னேன். நீ டீவி சத்தத்தைக் கூட்டினே. நாளைக்குப் போய்ட்டு வா.”

சனிக்கிழமை காலை ஐந்தாவது ஆல்பத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு லிண்ட்சி இருக்கும் போர்ட் கேரோவுக்கு வண்டி ஓட்டினான். வழியில் பேக்கரியில் நிறுத்தி, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி மூன்று வாங்கினான், வெறுங்கையோடு போகக்கூடாதே என்று. வாங்கிய பிறகு அந்தச் சூடான காகிதப் பையைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பதினோரு வருஷத்துக்கு மூன்று பாஸ்டி.

கேட்டுக்கு வந்தவள் லோரிஸ். ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள். உள்ளே போகுமுன் ஒன்று சொல்கிறேன் என்று அங்கேயே நிறுத்தினாள். லிண்ட்சிக்கு மறதி நோய். பழையதெல்லாம் இருக்கிறது, ஆளை அடையாளம் தெரியும். இன்று காலையில் என்ன சாப்பிட்டான் என்றால் தெரியாது. பழையது போகாது, புதியது தங்காது என்றாள். எரோல் எவ்வளவு நாளாக என்று கேட்டான்.

“மறதி வந்தது மூணு வருஷம் முன்னாடிதான்” என்றாள் லோரிஸ். “பயம் வந்தது அந்த மே மாசம். தன் கையைத் தானே நம்பல. அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு மூணு தடவை போய்ப் பார்ப்பான். பசங்க விரல் ரம்பத்துல போயிடும், நான் கவனிக்காம விட்டுடுவேன்னு அடுத்த வருஷமே வேலையை விட்டான். நான் எவ்வளவோ சொன்னேன். நிஜமா மறதி வந்தப்போ, பாத்தியா, எனக்கு அப்பவே இருந்திருக்குன்னு சொன்னான்.”

எரோல் பாஸ்டிப் பையைக் கேட்டின்மேல் வைத்தான், மறுபடி எடுத்துக்கொண்டான்.

லிண்ட்சி பின்பக்க வராந்தாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டு, வாத்தியாராகவே இருந்தான். எரோலைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வாடா மேடர்ன், அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறவனே, இன்றைக்கு எவனைத் திட்டிவிட்டு வருகிறாய் என்று கேட்டான். குரல் மாறவேயில்லை. எரோல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்க்ரூவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, ஆல்பத்தை மடியில் விரித்து, தொடங்கினான். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னான். கனெக்டர், நூல் கட்டாதது, தகடு அசையாதது. போனில் கேட்டது, தான் பொய் சொன்னது.

லோரிஸ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப நீ பார்க்கவேயில்லையா?”

“இல்ல லோரிஸ். பார்க்கல.”

அவள் உள்ளே போனாள். சமையலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

லிண்ட்சி படத்தைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தான். தன் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். “கேட்டேன். சரியாத்தான் இருக்கு.” அந்த வரியை இரண்டு தடவை படித்தான். பிறகு நிமிர்ந்தபோது எழுபத்தொரு வயதுக்காரனின் முகமாக அது இல்லை.

“அப்ப நான் நேரத்துக்குத்தான் இழுத்திருக்கேன்” என்றான். “லோரிஸ், கேட்டியா? நான் நேரத்துக்குத்தான் இழுத்திருக்கேன்.”

கேட்டேன் கேட்டேன் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எரோலைத் திட்டவேண்டும் என்றே லிண்ட்சிக்குத் தோன்றவில்லை. அவன் எரோலின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தான். மனசிலிருந்து பாறையை இறக்கியதுபோல் பெருமூச்சு விட்டான். எரோல் அழுதுவிட்டான். கல்யாணமான நாற்பத்துநாலு வருஷத்தில் கோரல் பார்க்காத அழுகை. சொல்லிவிட்டேன், முடிந்தது, இவனுக்கு இனி நிம்மதி என்று அந்தச் சில நிமிஷங்களில் அவன் நிஜமாகவே நம்பினான். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் அவன்மேல் இரக்கம் வருகிறது.

லோரிஸ் தேநீரும் தட்டுகளும் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. பாஸ்டியைப் பிட்டுத் தின்றுகொண்டே லிண்ட்சி இறக்கைக் கட்டையைப் பற்றிப் பேசினான். எந்தப் பலகையில் கணு இருந்தது, எதைத் தள்ளிவிட்டான், பசை காய எத்தனை நாள் பொறுத்தான், ஒன்றையும் மறக்கவில்லை. எரோல் பெருக்கல் வாய்ப்பாடு கேட்கிற மாணவன்போல் தலையாட்டிக்கொண்டிருந்தான். வெயில் வராந்தாவிலிருந்து இறங்கிப் புல்லுக்குப் போயிற்று. லோரிஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எரோல் எழுந்தான். அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

லிண்ட்சி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“எரோல், அவளுக்குக் கேட்க வேண்டாம். அன்னிக்கு நான் லேட்டாத்தான் இழுத்தேன். நீ சொன்னது சரிதான். அதுக்காக என் வீட்டுக்கு வராம இருக்காதடா.”

எரோல் நின்றான். ஸ்க்ரூ மேஜைமேல்தான் இருந்தது, ஆல்பம் திறந்தபடிதான் இருந்தது. லிண்ட்சியின் கண்ணில் கேலி இல்லை, பதினோரு வருஷத்து வெட்கம் அப்படியே இருந்தது. பழையது போகாது, புதியது தங்காது என்று கேட்டருகே லோரிஸ் சொன்னது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

திரும்ப உட்கார்ந்தான். ஸ்க்ரூவை எடுத்து லிண்ட்சியின் கையில் வைத்தான். இந்தத் தடவை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை.

“இல்ல லிண்ட்சி. நீ நேரத்துக்குத்தான் இழுத்த. தகடு திறக்கல. அந்தக் கிளாம்ப் நான் மாட்டினது, தப்பு என்னோடது. இதோ பாரு, உன் கையெழுத்து.”

லிண்ட்சி படத்தைப் பார்த்தான். விரலை வைத்து மெதுவாகப் படித்தான். முகம் முன்போலவே மெல்லத் தெளிந்தது, எரோலும் அதே சிரிப்புக்காகக் காத்திருந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. லிண்ட்சி அவனை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்படின்னா அன்னிக்கே ஏண்டா சொல்லல?”

எரோல் வாயைத் திறந்தான். சமையலறை வாசலில் லோரிஸ் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.